வாளித் தண்ணீரில் போட்ட அக்ரூட்

2017 செப்டம்பர் 27: ஆம்புலன்ஸ் பெட்ரோல், 1,800 சோம்.
செப்டம்பர் 28: ஊழியர் தாஷ்டன், 15,000 சோம், ஒரு கிடா.
செப்டம்பர் 29: அறுவை, கம்பிகள், மருந்து, 0 சோம்.
2018 மார்ச் 29: பரிசோதனை, ஓஷ் போக வர, 0 சோம்.
ஜூன் 9: ஊசிக்கு முன்பணம், கேட்டது 60,000 சோம், கொடுத்தது 0.
செப்டம்பர் 28: பரிசோதனை, ஓஷ் போக வர, 0 சோம்.

இந்தப் பட்டியலில் தோத்தூயாவின் தூக்கத்தைக் கெடுத்தவை பூஜ்யங்கள். எங்கள் நாட்டுப் பணத்தில் பதினைந்தாயிரம் போனதை அவள் ஒரு வாரத்தில் ஜீரணித்துக்கொண்டாள். காசு வாங்காமல் ஒருவன் ஏன் இன்னொருவன் முதுகைத் திறந்து, கம்பி வைத்து, தைத்து அனுப்புகிறான் என்பதை மூன்றரை வருஷத்துக்கு மேல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் சத்தார்குலைக் கட்டிக்கொண்டு வந்தவள். என்னைச் சித்தப்பா என்பாள். கடையில் வாங்கிய மாவை வீட்டில் மறுபடி நிறுப்பாள். அடுக்கி வைத்த ரொட்டியில் மேலே இருப்பதை எடுக்கமாட்டாள், நடுவிலிருந்து உருவுவாள். எங்கள் வனத்துறை அலுவலகம் அக்ரூட் கொள்முதல் செய்யும் நாட்களில், தன் மூட்டையை வைப்பதற்கு முன் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தராசில் வைப்பாள். சந்தையில் நிறுத்து எடை குறித்து வைத்திருந்த கல் அது. நாற்பத்தொரு வருஷம் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன், வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. தராசு சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அடுத்த வருஷமும் கல்லோடு வந்தாள். ஊரில் அவளுக்கு 'ரெண்டாந் தராசு' என்று பெயர்.

அவளுடைய பெரிய வெற்றி 2009இல் நடந்தது. எங்கள் காட்டை மனை மனையாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுவதற்குச் சீட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு அக்ரூட்டின் ஓட்டிலும் ஒரு மனையின் எண்ணைச் சுரண்டி, தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, ஒவ்வொருவராகக் கையை விட்டு எடுக்க வேண்டும். அப்போதிருந்த வன அதிகாரி, நல்ல மனையின் கொட்டையைக் கடைசி வரை தேநீர்க் கோப்பையோடு ஒட்டி வைத்திருந்துவிட்டுத் தொப்பியில் போடுவார். ஆடு கொடுத்தவன் தொப்பிக்குள் விரலால் தடவி, சூடாக இருப்பதை எடுத்துக்கொள்வான். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தால்கூட எங்கள் ஊரில் "சூடு பண்ணிட்டாங்க" என்றுதான் பேச்சு.

அந்த வருஷம் தோத்தூயா ஓடையிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். கொட்டைகளைத் தொப்பியில் வேண்டாம், இதில் போடுங்கள் என்றாள். மலைப்பனி உருகி வந்த தண்ணீர். கையை விட்டால் விரல் மரத்துப்போகும். அதிகாரி சுற்றிலும் பார்த்தார். கூட்டம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் போட்டார். சத்தார்குலுக்கு வடக்குச் சரிவு விழுந்தது, பழைய மரங்கள் பத்தொன்பது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் சீட்டு என்றால் வாளியில்தான். சத்தார்குலின் அண்ணன் ஓமுர்சாக் அந்த வருஷம் ஆடு கொடுத்திருந்தான். அவனுக்குப் பாறைக்காடு விழுந்தது.

2017 செப்டம்பரில் காய்ப்பு நல்ல காய்ப்பு. ஊரே காட்டுக்குள் கூடாரம் போட்டிருந்தது. கிளையில் ஏறி நின்று மிதித்து உலுக்குவதற்குக் கூலி ஆட்கள் கிடைப்பார்கள், இளைஞர்கள், பூனை மாதிரி ஏறுவார்கள். தோத்தூயா அவர்களை வைத்துக்கொள்ள மாட்டாள். சட்டைக்குள் கொட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள் என்பது அவள் கணக்கு. அதனால் நாற்பத்தொரு வயதில் சத்தார்குலே ஏறினான். முந்தின இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தது. நாலாவது மரத்தில் கால் வழுக்கி முதுகு அடிபட விழுந்தான்.

ஓமுர்சாக் குதிரையைக் கொண்டுவந்தான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் உட்கார வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்றான். வருஷா வருஷம் விழுகிறவர்களை அப்படித்தான் இறக்குவார்கள். தோத்தூயா நடுவில் வந்து நின்றுகொண்டு, மூட்டை வண்டியின் பின்பலகையைக் கழற்றச் சொன்னாள்.

"உங்க கையையும் நம்பல, குதிரையையும் நம்பல மச்சான். பலகையில கட்டித் தூக்குங்க."

அவள் அப்படிச் சொன்னதற்கு மருத்துவ அறிவு காரணமில்லை. வழக்கமாகச் செய்வது எதுவாக இருந்தாலும் அவளுக்கு அதன்மேல் ஒரு சந்தேகம் உண்டு, அவ்வளவுதான். பலகையில் கட்டி ஐந்து பேர் சாலை வரை தூக்கிப்போனார்கள்.

தாள் படிக்கவும் ருஷ்ய மொழியில் பேசவும் ஆள் வேண்டும் என்று என்னையும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். ஓஷ் நகரத்து மருத்துவமனை ஒன்றில், மறுநாள் காலை, மெலிஸ் என்ற அறுவை மருத்துவர் எங்களை ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முதலில் எங்கள் விரல்களைத்தான் பார்த்தார். அக்ரூட்டின் பச்சைத் தோல் உரித்த கறுப்பு எல்லோர் கையிலும் இருந்தது.

"இந்த வருஷம் நீங்க ஆறாவது ஆளு" என்றார்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார். தொப்புள் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே முதுகெலும்பு நொறுங்கி உள்ளே இருக்கும் நரம்புத் தண்டை நெரிக்கிறது. கீழே எதுவும் தெரியவில்லை, அசையவுமில்லை. வழக்கமான அறுவையில் நொறுங்கிய எலும்பை எடுத்துவிட்டுக் கம்பியும் திருகாணியும் வைத்து நிறுத்துவார்கள். இப்போது ஒரு புது வழியைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, தோல் மாதிரி கெட்டியானது. தண்டு வீங்கும்போது அந்த உறை இறுக்கிவிடுகிறது. ஆகவே உறையையும் கீறி, ஒட்டுப் போட்டுத் தைத்து, வீங்க இடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். விழுந்து மூன்று நாளைக்குள் செய்தாக வேண்டும். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமானது, பாதிப் பேருக்குப் புதியது.

எவ்வளவு ஆகும் என்று ஓமுர்சாக் கேட்டான். ஒன்றும் ஆகாது, கம்பி, மருந்து, பிறகு பரிசோதனைக்கு வந்து போகிற வண்டி எல்லாம் ஆய்வின் செலவு என்றார் மருத்துவர்.

தோத்தூயா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"ஏன்?"

"ஆய்வும்மா. உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆகுதுன்னு நாங்க பார்த்து எழுதிக்குவோம். அதுக்குத்தான்."

"யாருக்குப் புதுசு, யாருக்குப் பழசுன்னு நீங்கதான் சொல்வீங்களா?"

"நான் சொல்ல முடியாது. அவரு மேசையில படுத்து மயங்கின அப்புறம், வேற நாட்டுல இருக்கிற கம்ப்யூட்டர்லேர்ந்து பதில் வரும். அது என்ன சொல்லுதோ அதத்தான் செய்வேன். எதச் செஞ்சோம்னு உங்களுக்கும் சொல்லமாட்டோம், பின்னால பரிசோதிக்கிறவங்களுக்கும் சொல்லமாட்டோம். எல்லாரோட ஆய்வும் முடிஞ்ச பிறகு கடிதம் வரும்."

"அப்ப சீட்டு."

"ஒரு வகையில சீட்டுத்தான்."

ஓமுர்சாக்கின் கண் என் பக்கம் ஒரு தடவை வந்து போனது.

"இதுல எது நல்லது?" என்றாள் தோத்தூயா.

"தெரியாது. தெரிஞ்சா சீட்டு எதுக்கு?"

அவள் என்னிடம் திரும்பி, அவர் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "இவரு எதையோ மறைக்கிறாரு சித்தப்பா. தெரியாதுன்னு சொல்ற டாக்டர நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

மருத்துவருக்குக் கோபம் வரவில்லை. தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டு, மதியம் வருவதாகச் சொல்லிப் போனார். தோத்தூயா எல்லாவற்றையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள். இவ்வளவு தாராளமாக வாசலைத் திறந்து வைத்திருப்பவன் உள்ளே எதைப் பூட்டி வைத்திருக்கிறான் என்று கேட்டாள். வாளியும் இல்லை, தண்ணீரும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நாட்டில் யாரோ எடுக்கிற சீட்டு. வேண்டாம் என்று சொல்லத் தயாராகிவிட்டாள். ஆனால் சேராவிட்டால் கம்பியை நாங்களே வாங்க வேண்டும். அந்தத் தொகை எங்களிடம் இல்லை. நாளும் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிலில் படுத்திருந்த சத்தார்குல்தான் முடித்து வைத்தான்.

"முதுகு என்னோடது. பேனாவக் குடுங்க."

கையெழுத்துப் போட்டான். தாளின் ஓரத்தில் அவன் பெருவிரலின் அக்ரூட் கறுப்பும் பதிந்தது.

அந்த நேரத்தில் ஓமுர்சாக் அறையில் இல்லை. கட்டில் தள்ளுகிற ஊழியர் தாஷ்டனோடு கொல்லைப்புறத்தில் பேசிக்கொண்டிருந்தான். அதை அறுவை முடிந்த இரண்டாம் நாள்தான் தோத்தூயாவிடம் சொன்னான், ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற முகத்தோடு. கொட்டையைச் சூடு பண்ணியாகிவிட்டது, தாஷ்டனுக்கு உள்ளே ஆள் தெரியும், சத்தார்குலுக்குப் புதியதுதான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான், பதினைந்தாயிரமும் ஒரு கிடாவும் என்றான்.

அவளுக்கு நன்றி வரவில்லை.

"நாம பதினஞ்சாயிரம் குடுத்தோம். பக்கத்துக் கட்டில்காரங்க எவ்வளவு குடுத்தாங்க?"

அது வரை ஓமுர்சாக் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் அலாய் மலைப் பக்கத்து இளைஞன், ஆட்டுக்கிடாவுக்காகக் குதிரைமேல் மோதுகிற ஆட்டத்தில் விழுந்தவன். அவனும் அதே ஆய்வில் இருந்தான். பத்தாவது நாள் அவனுடைய இடது கால் பெருவிரல் அசைந்தது. அவன் தாய் அழுதுகொண்டே வார்டு முழுக்க ரொட்டி கொடுத்தாள். தோத்தூயா ரொட்டியை வாங்கிக்கொண்டு, நயமாக விசாரித்தாள். ஒருத்தருக்கும் ஒரு சோம்கூடக் கொடுக்கவில்லை என்று அந்தத் தாய் ரொட்டிமேல் சத்தியம் செய்தாள்.

"இவ்வளவு பெரிய சத்தியம் பண்றாள்னா, மாடே குடுத்திருப்பா" என்று தோத்தூயா என்னிடம் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பும்போது அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. சீட்டு விற்கப்பட்டது. நாங்கள் கொடுத்தது போதவில்லை. சத்தார்குலுக்குக் கிடைத்தது பழையது. தாஷ்டனைத் தேடிப் போன ஓமுர்சாக், அவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்ற செய்தியோடு வந்தான்.

மார்ச் மாதப் பரிசோதனைக்குச் சொன்னபடி வண்டி வந்தது. அவள் ஓட்டுநரிடம் யார் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள். அங்கே நசிபா என்ற பெண் ஊசிமுனையாலும் பஞ்சாலும் சத்தார்குலின் உடம்பைத் தொட்டுத் தொட்டுக் கேட்டு எழுதினாள். குடும்பத்தார் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். சத்தார்குல் வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தது. தொடையில் நாலைந்து இடத்தில் தெரிகிறது என்று சொன்னானாம். நசிபா என்ன எழுதினாள் என்று தோத்தூயா கேட்டதற்கு, அது அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஒவ்வொரு நாளும் தெரிகிற இடங்கள் கூடிக்கொண்டே போயின. முழங்கால் தெரிகிறது என்றான். பிறகு பாதம். ஓமுர்சாக் கேட்டுக் கேட்டுப் பூரித்தான். பழைய அறுவையிலேயே இவ்வளவு வருகிறதென்றால், கொஞ்சம் மேலே வைத்தியம் பார்த்தால் நடந்துவிடுவான் என்று சொல்ல ஆரம்பித்தான். பிஷ்கெக்கில் ஒருவர் முதுகில் ஊசி போடுகிறாராம், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுந்து நடக்கிறார்களாம். முன்பணம் அறுபதாயிரம், மொத்தம் அதைப் போல் பல மடங்கு. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் ஆய்விலிருந்து விலக வேண்டும். விலகினால் என்ன, ஏமாற்றின இடம்தானே என்றான் ஓமுர்சாக். வடக்குச் சரிவுக் குத்தகையை வாங்கிக்கொள்ள ஜலால்-அபாத் வியாபாரி ஒருவன் தயாராக இருந்தான். சத்தார்குலும் சரி என்றான். அவன் பெயரில் இருந்த குத்தகை.

ஜூன் ஒன்பதாம் தேதி வியாபாரி வந்தான். பத்திரம் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்தில் ஆப்ரிகாட் பிஞ்சு கொட்டிக் கிடந்தது. சத்தார்குல் சக்கர நாற்காலியில், வியாபாரியும் ஓமுர்சாக்கும் விரிப்பில், தேநீர் வந்தது. நான் வியாபாரியின் பெயரை எழுதிவிட்டுக் குத்தகை எண்ணைக் கேட்கும்போது தோத்தூயா சமையலறையிலிருந்து வந்தாள்.

"எழுதுறத கொஞ்சம் நிறுத்துங்க சித்தப்பா."

தலைத்துணியை அவிழ்த்துச் சத்தார்குலின் கண்ணைக் கட்டினாள். அவள் ஏதோ விளையாடுகிறாள் என்று அவன் சிரித்தான்.

"ஊசியால குத்துவேன். எங்க தெரியுதுன்னு சொல்லுங்க. இப்ப?"

"வலது தொடை."

"இப்ப?"

"முழங்கால். உள்பக்கம்."

"இப்ப?"

"பாதம். லேசா."

வியாபாரி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஓமுர்சாக் எழுந்து நின்றுவிட்டான். அவள் நாற்காலிக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஊசி அவள் சட்டைக் கழுத்திலேயே குத்தியிருந்தது, அதை அவள் எடுக்கவே இல்லை.

அவளே போய்த் துணியை அவிழ்த்தாள். சத்தார்குல் அவள் நின்ற இடத்தைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தான்.

"நான் பொய் சொல்லல" என்றான். "நெசமாவே தெரிஞ்சுது."

"தெரியும். ஒரு மாசமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதனாலதான் விக்க வேண்டாங்குறேன்."

ஓமுர்சாக்குக்கு முகம் சிவந்தது. "அவன் மரத்துல ஏறினதே உன் சந்தேகத்தாலதான். கூலிக்காரன் சட்டைக்குள்ள பத்துக் கொட்டை போயிடும்னு புருஷன மேல ஏத்தினவ நீ."

வியாபாரி செருப்பைத் தேட ஆரம்பித்தான். இந்தச் சொல் எட்டு மாதமாக அந்த வீட்டில் யார் வாயிலும் வராமல் காத்திருந்தது.

"ஆமா மச்சான்" என்றாள் தோத்தூயா. "அந்தப் பாவம் எனக்கு. அதுக்கு ஊசிக்காரனுக்கு எதுக்குக் காடு? அவன் தொண்ணூறு பேரு நடக்கிறாங்கன்னு சொல்றான். ஒருத்தன் பேரு கேளுங்க. ஒருத்தன் வீடு எங்க இருக்குன்னு கேளுங்க. நான் போயி அவன் நடக்கிறதப் பார்த்துட்டு வரேன். அன்னைக்கு எழுதலாம்."

அன்று பத்திரம் எழுதப்படவில்லை. ஓமுர்சாக் பிஷ்கெக்குக்குத் தொலைபேசியில் பேசிப் பெயர் கேட்டான். அப்படியெல்லாம் சொல்ல முடியாது, ரகசியம் என்றார்கள். அவன் அதை ஒரு வாரம் கழித்து, வேறு ஏதோ பேசுவது போல என்னிடம் சொன்னான்.

சத்தார்குல் அவளோடு பேசவில்லை. ஆப்ரிகாட் பழம் காயப்போட்டு எடுத்த பிறகும் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் சாப்பிடுவான், முகம் பார்க்கமாட்டான். ஆகஸ்டில் ஒரு நாள் நான் வேலியோரம் நின்றபோது, அவன் அவளைப் பார்த்துத் தலைத்துணியை நீட்டுவதைக் கண்டேன்.

"கட்டு. ஆனா தொடற மாதிரியும் செய், தொடாத மாதிரியும் செய். எதுன்னு சொல்லாத."

அதன் பிறகு தினமும் நடந்தது. முதல் நாட்களில் அவன் காற்றுக்கெல்லாம் பதில் சொன்னான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் "தெரியல" என்று சொல்லப் பழகினான். ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லக் கற்றுக்கொள்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சதையை இழுத்துத் தைப்பதைப் போல வலித்தது அவனுக்கு. கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். தொப்புளுக்குக் கீழே நாலு விரல் அகலம், வலது தொடையின் முன்பக்கம் ஓர் உள்ளங்கை அளவு, சிறுநீர்ப்பை நிறைந்தால் ஒரு கனம். இந்த மூன்றிலும் அவன் தவறவே இல்லை.

செப்டம்பர் பரிசோதனைக்குப் போவதா வேண்டாமா என்று தோத்தூயா இரண்டு மனதாக இருந்தாள். விலகுவதற்கு உரிமை இருக்கிறது என்ற வரியை என்னிடம் மறுபடி கேட்டாள். கடைசியில், தான் உள்ளே இருந்து பார்ப்பதாக இருந்தால் வருவதாகச் சொல்லியனுப்பினாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். அவளுக்குத் துணையாக என்னையும் சுவரோரம் உட்கார விட்டார்கள்.

நசிபா முப்பது வயதுப் பெண், மெலிந்தவள், சிரிக்காதவள். சத்தார்குலின் முதுகில் தழும்பை மூடிப் பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவள் வருவதற்கு முன்பே வேறொரு செவிலி அதை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். தையல் எவ்வளவு நீளம் என்றுகூட அவள் பார்க்கக் கூடாதாம். சத்தார்குலைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். ஊசிமுனை வயிற்றில் இறங்கியது. தெரிகிறது என்றான். கொஞ்சம் கீழே. தெரிகிறது. பிறகு நசிபா ஊசியைக் காற்றிலேயே நிறுத்திக்கொண்டு, அதே குரலில், "இப்ப?" என்றாள்.

"தெரியல" என்றான் சத்தார்குல்.

தோத்தூயா என் கையைப் பிடித்தாள். அவள் கண் நசிபாவின் விரல்களை விட்டு நகரவில்லை. ஊசி சில சமயம் தொட்டது, சில சமயம் தொடாமல் நின்றது. எல்லாம் முடியும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையை அவள் காப்பாற்றினாள். நசிபா பேனாவை மூடியதும்தான் கேட்டாள்.

"போன தடவையும் இப்படிச் செஞ்சீங்களா?"

"எல்லாருக்கும் எப்பவும் இப்படித்தான்."

"அப்ப தொடையில தெரியுதுன்னு இவரு சொன்னது?"

"அத நான் எழுதிக்கல. காத்துக்கும் தெரியுதுன்னு சொன்னாரு."

"நீங்க யாரையும் நம்பமாட்டீங்களா?"

நசிபா அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். "நம்பாம இருக்கத்தான் எனக்குச் சம்பளம். என்னையும் நம்பமாட்டாங்க. நான் எழுதினத இன்னொருத்தர் வந்து திரும்பச் சரிபார்ப்பாங்க. அறுவை பண்ணின டாக்டர் இந்த அறைக்குள்ளயே வரக் கூடாது."

தோத்தூயாவுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, சீட்டுப் போட்ட அன்று எங்க மச்சான் ஒரு ஆளுக்கு, என்று தொடங்கினாள். நசிபா சட்டென்று கையை உயர்த்தினாள்.

"வேண்டாம். எது கிடைச்சதுன்னு நீங்க நினைக்கிறத எங்கிட்ட சொல்லிட்டா நான் இவரைப் பார்க்க முடியாது, வேற ஆள அனுப்பணும். வெளிய பெரிய டாக்டர்கிட்ட சொல்லுங்க."

வெளியே வந்து மெலிஸிடம் சொன்னாள். அவர் ஆள் பெயரையும் நாளையும் எழுதிக்கொண்டார். தாஷ்டனுக்குச் சீட்டைத் தொட வழியே கிடையாது, ஆனாலும் இதை மேலே தெரிவித்தாக வேண்டும் என்றார். நீங்கள் பணத்தை இழந்தது தவிர வேறெதுவும் நடந்திருக்காது என்றார். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் திரும்பி வரும் வழியில் ஓட்டுநரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அந்தப் பொண்ணு சந்தேகத்துல நம்ம ஊருக்காரி மாதிரி இருக்கா சித்தப்பா."

அந்த வருஷம் வடக்குச் சரிவை உலுக்க முதல் தடவையாகக் கூலி ஆட்கள் வந்தார்கள். அவர்கள் இறங்கும்போது தோத்தூயா மரத்தடியில் நின்றாள், சட்டையை உதறிக் காட்டச் சொன்னாள், காட்டினார்கள். சத்தார்குல் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓட்டை உடைத்துப் பருப்பை இரண்டு பாதியும் சிதையாமல் எடுக்கக் கற்றுக்கொண்டான். அப்படி எடுத்த பருப்புக்குச் சந்தையில் நல்ல விலை. சிறுநீருக்கு நேரம் அறிந்து தானே கேட்பதால் ஊர்க் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்து உட்கார்ந்தான். அவன் நடக்கவில்லை. வலது தொடையின் தசை, உற்றுப் பார்த்தால், சில நாள் துடிக்கும்.

கடைசிக் கடிதம் வந்தபோது எல்லோரும் அவர்கள் முற்றத்தில்தான் இருந்தோம். ஓமுர்சாக் உறையைக் கிழித்து என்னிடம் கொடுத்தான். நான் படித்தேன். சத்தார்குல் பெற்றது வழக்கமான அறுவை. உறை கீறப்படவில்லை. இரு பிரிவினரையும் ஒப்பிட்டதில் புதிய அறுவை பெற்றவர்களுக்குச் சற்றுக் கூடுதலான முன்னேற்றம் காணப்பட்டாலும், அது அறுவையால் வந்ததா தற்செயலா என்று இந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியவில்லை, மேலும் பேரைச் சோதிக்க வேண்டும், உங்கள் பங்குக்கு நன்றி.

"பதினஞ்சாயிரமும் கிடாவும் போச்சு" என்றான் ஓமுர்சாக்.

"கிடா நல்ல கிடா" என்றான் சத்தார்குல். "கறியாவது ருசியா இருந்திருக்கும்." சொல்லிவிட்டுத் தன் தொடையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு அடுத்த கொட்டையை எடுத்தான்.

தோத்தூயா கடைசி வரிகளை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"சொல்ல முடியலன்னு அவங்களே எழுதியிருக்காங்களா?"

"ஆமா."

"இத்தனை வருஷம் செலவு பண்ணிட்டு?"

"ஆமா."

அவள் கடிதத்தை வாங்கி, தனக்குத் தெரியாத மொழியின் வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சீட்டை விற்கிறவர்களாக இருந்தால், எது நல்லது என்று தெரியும் என்றே எழுதியிருப்பார்கள் என்றாள். நாம் காசு கொடுத்தும் பழையதுதான் விழுந்திருக்கிறது, அப்படியென்றால் அந்த ஊரிலும் யாரோ ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அலாய்க்காரனின் தாய்க்கு யாரிடமாவது சொல்லியனுப்ப முடியுமா, அவள் ரொட்டிமேல் செய்த சத்தியத்தை அன்று நம்பாமல் போனதைச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

கடிதம் எங்கள் ஊருக்கு வந்த நாள் 2021 மே 14.